மிருதங்கம் பழகும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். சேர்பவர்களில் பலர் நான்காவது, ஐந்தாவது மாதத்தில் நின்றுவிடுவார்கள். "கை வரவில்லை சார்" என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். கேட்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குக் கை வந்துகொண்டுதான் இருந்தது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் படித்த மாணவி ஒருவர் பக்கவாத நோயாளிகளுக்குக் கைப்பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர். ஒருநாள் வகுப்பு முடிந்து வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டே, "சார், நீங்கள் பாடம் எடுக்கும் வரிசையும் நாங்கள் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்றார். அன்றிலிருந்து இதைத் தேடிப் படித்துவருகிறேன். பெற்றோரும் வயது வந்த மாணவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு, படித்ததையும் வகுப்பில் கண்டதையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

விரல்களைத்தானே பழக்குகிறோம்? இதில் மூளைக்கு என்ன வேலை?

"நம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாடமான தா, தீ, தொம், நம் என்பதில் கடைசிச் சொல். மோதிர விரல், வலப்பக்கத் தோலின் நடுவில் இருக்கும் கருவட்டமான கரணையின் ஓரத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அதே நொடியில் ஆள்காட்டி விரல், விளிம்பை ஒட்டிய மேல் தோலான மீட்டுத்தோலில் விழுந்து தெறிக்க வேண்டும். அப்போதுதான் சுருதி சுத்தமாகக் கேட்கும். இதற்கு என்ன பெரிய வலு வேண்டும்? பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த வலு முதல் நாளே இருக்கிறது. ஆனால் முதல் நாள் யார் வாசித்தாலும் ஆள்காட்டி விரலோடு மோதிர விரலும் சேர்ந்து எழும்பும். "அதைத் தூக்காதே" என்று நான் சொல்வேன். "நான் தூக்கவில்லை சார், அதுவே எழும்புகிறது" என்று பதில் வரும். அது உண்மையான பதில்.

விரலை மடக்கி நீட்டும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. அவற்றுக்குக் கட்டளை போவது மூளையின் மேற்பரப்பில் இருக்கும் இயக்கப் புறணியிலிருந்து. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்தூண்டலால் தொட்டுப் பார்த்து, எந்த இடத்தைத் தொட்டால் எந்த உறுப்பு அசைகிறது என்று 1937-இல் வரைபடம் வெளியிட்டார். உடம்பில் கை சிறிய உறுப்பு. அந்த வரைபடத்திலோ கைக்கும் முகத்துக்கும் கிடைத்த இடம் மிகப் பெரிது. விரல்களுக்கான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடக்கின்றன. ஒரு விரலை அழைத்தால் பக்கத்து விரலும் எழுந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். "நம்" பழகுவது என்றால் அந்தப் படிந்த பகுதிகளைப் பிரித்தெடுப்பது; ஒரு விரலை அசைக்கும்போதே அடுத்த விரலைச் சும்மா இருக்கச் சொல்வது. மிருதங்கத்தில் பாதி வித்தை, அசையக் கூடாத விரலை அசையாமல் வைத்திருப்பதுதான்.

அப்படியானால் மூளையில் புது செல்கள் முளைக்கின்றனவா?

கைப்பழக்கம் புது நரம்பணுக்களால் வருவதில்லை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. மாறுவது அவற்றுக்கு இடையிலான இணைப்பு.

ஒரு நரம்பணுவின் கிளைகளில் முள் போன்ற நுண்ணிய முனைகள் இருக்கும். இன்னொரு நரம்பணுவிலிருந்து செய்தி வந்து சேரும் வாசல் அதுதான். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு இடுக்கு வழியாகக் கையை நீட்டித் தானியத்தை எடுக்க எலிகளுக்குப் பழக்கினார்கள். பயிற்சி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இயக்கப் புறணியில் புது முட்கள் முளைத்தன. பழைய முட்கள் பல பிறகு உதிர்ந்தன. தொடர்ந்து பயிற்சி பெற்ற எலிகளில் புது முட்கள் நிலைத்தன. பயிற்சியை நிறுத்திய பின்னும் இருந்தன. முதல் வகுப்பு முடிந்து நீங்கள் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே தலைக்குள் இதுபோன்ற ஏதோ ஒன்று தொடங்கிவிடுகிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்தது, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை. உறை இல்லாத மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். தடித்த உறை போட்ட இழையில் 100 மீட்டரைத் தொடும். வலக்கையும் இடக்கையும் ஒருசேர விழ வேண்டிய சொல்லில் ஒரு கை இமைப்பொழுது பிந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும். அங்கே இந்த உறையின் வேலை பெரிது. இலண்டனில் 2014-இல் செய்த சோதனையில், படிகள் சீரற்ற இடைவெளியில் அமைந்த சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டார்கள். புது மயலின் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட எலிகளால் அந்த ஓட்டத்தைச் சரியாகக் கற்க முடியவில்லை. தடுப்பதற்கு முன்பே கற்றுவிட்ட எலிகளோ தடையின்றி ஓடின. உறை கற்பதற்குத் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மனிதர்களிடம் முள்ளை எண்ணிப் பார்க்க முடியாது, ஆனால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கலாம். ஜெர்மனியில் டிராகான்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மூன்று பந்துகளை மாறிமாறி வீசிப் பிடிக்க மூன்று மாதம் பழகியவர்களின் மூளையில், நகரும் பொருளைப் பார்க்கும் பகுதியின் சாம்பல் நிறப் பொருள் (நரம்பணுக்கள் செறிந்த பகுதி) கூடியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 2009-இல் ஆறு வாரப் பயிற்சிக்குப் பிறகு, நரம்பிழைகள் ஓடும் வெண்பொருளிலும் மாற்றம் கண்டார்கள்.

முதல் மாதம் வேகமாக முன்னேறினான். இப்போது அப்படியே நிற்கிறான். திறமை அவ்வளவுதானா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நான் அதிகம் பயப்படும் கேள்வியும் இதுதான்; அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வராமல் போகலாம்.

கற்றல் இரண்டு வேகத்தில் நடக்கிறது. முதலில் வருவது வேகமான முன்னேற்றம். ஒரே வகுப்பில் கண்ணுக்குத் தெரியும். எந்த விரல், எந்த இடம், எந்த வரிசை என்று மூளை புரிந்துகொள்ளும் கட்டம் அது. அதற்குப் பின் வருவது வாரக்கணக்கில் நடக்கும் மெதுவான மாற்றம். அவி கர்னி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1995-இல் இதைக் காட்டினார்கள். கட்டைவிரலால் மற்ற விரல்களைக் குறிப்பிட்ட வரிசையில் தொடுவது, நாள்தோறும் 10 முதல் 20 நிமிடம். சில வாரங்களில் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நான்காவது வாரத்தை ஒட்டி, பழகிய வரிசையைச் செய்யும்போது இயக்கப் புறணியில் கூடுதலான இடம் வேலை செய்வதைப் படத்தில் பார்த்தார்கள். பழகாத வரிசைக்கு அப்படி இல்லை. இத்தனைக்கும் இரண்டிலும் அதே விரல்கள்தான், வரிசை மட்டுமே வேறு.

இன்னொரு செய்தியும் இங்கே சேர வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களை இடக்கையால் எழுதவும் வரையவும் ஏழு வாரம் பழக்கி, அடிக்கடி படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. முதல் நான்கு வாரங்களில் இயக்கப் புறணியின் சாம்பல் நிறப் பொருள் கூடியது. பிறகு பயிற்சி தொடர்ந்தபோதே பெருமளவு பழைய அளவை நோக்கித் திரும்பியது. திறமையோ குறையவில்லை. நாற்று நெருக்கமாக விட்டுப் பிறகு வேண்டியதை மட்டும் பிடுங்கி நடுவதுபோல, மூளை முதலில் தாராளமாக இணைப்புகளை விட்டுப் பார்க்கிறது, பிறகு உதவுவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

ஆகவே உங்கள் மகன் நிற்கிறான் என்று நீங்கள் பார்க்கும் மாதத்தில் உள்ளே கழித்துக் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். அந்த மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அவன் வாசிப்பதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பதிவைக் கேளுங்கள். காதுக்குத் தினமும் தெரியாத வளர்ச்சி அதில் தெரியும்.

நேற்று இரவு வரை வராத பாடம் இன்று காலை வந்துவிட்டது. இது எப்படி?

தூக்கம். 2002-இல் மேத்யூ வாக்கரும் அவர் குழுவினரும் நான்கு விசைகளை, ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு வரிசையில், இடக்கையால் தட்டப் பழக்கினார்கள். காலையில் பழகி மாலையில் மீண்டும் தட்டியவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. இரவு தூங்கி எழுந்து தட்டியவர்களின் வேகம் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது, தவறு கூடாமலே. இந்த ஏற்றத்தில் ஒரு பங்கு களைப்பு நீங்கியதால் வந்தது என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கற்றதை மூளை தூக்கத்தில் உறுதிப்படுத்துகிறது என்ற அடிப்படைக் கருத்துக்குப் பல திசைகளிலிருந்தும் சான்று இருக்கிறது.

இந்த ஊர்ப் பிள்ளைகளை நினைத்து இதை அழுத்தமாகச் சொல்கிறேன். பள்ளி, துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை எல்லாம் முடிந்து இரவு பதினொரு மணிக்கு மிருதங்கத்தை எடுக்கும் பிள்ளை, பயிற்சிக்காகத் தூக்கத்தைக் கொடுக்கிறது. அந்தப் பயிற்சி நிலைபெற வேண்டிய இடமே அந்தத் தூக்கம்தான். சோர்ந்துபோன நாளில் ஐந்து நிமிடம் வாசித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரே பாடத்தை நூறு முறை வாசிப்பதுதானே சரியான சாதகம்?

புதுப் பாடத்துக்கு முதல் இரண்டு நாள் அப்படி வாசிக்கலாம். அதன்பின் கலந்து வாசியுங்கள்: எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் ஒன்று, ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவில் ஒன்று, பழைய மோரா (மூன்று முறை திரும்ப வந்து முடியும் சொற்கட்டு) ஒன்று, மீண்டும் புதியது. கலந்து வாசித்தால் அன்று மோசமாகத்தான் கேட்கும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் மரத் தடுப்புகளை மூன்று விதமான வரிசைகளில் கையால் தட்டி விழச் செய்யும் சோதனை நடத்தினார்கள். ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்த பிறகே அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். மூன்றையும் கலந்து செய்தவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். ஒவ்வொரு முறையும் பாடத்தை மனத்துக்குள் புதிதாகக் கட்டி எடுக்க வேண்டியிருப்பது மூளைக்கு நல்ல உழைப்பு.

பயிற்சி சுகமாக இருந்ததா என்பதை வைத்து, கற்றது எவ்வளவு என்று அளக்க முடியாது. பெற்றோர் அறைக்கு வெளியே நின்று கேட்டு, "நேற்று நன்றாக வாசித்தாயே, இன்று என்ன ஆயிற்று?" என்று கேட்பதை நிறுத்தினாலே பாதி மாணவர்கள் நிம்மதி அடைவார்கள்.

தவறாக வாசித்தால் அந்தத் தவறே பழகிவிடும் என்கிறார்களே?

தவறே வராமல் எதையும் கற்க முடியாது. தவறைக் கணக்கெடுக்கும் உறுப்பு ஒன்றே மூளையில் இருக்கிறது: பின்னந்தலையில், பெருமூளைக்குக் கீழே இருக்கும் சிறுமூளை. அளவில் சிறியது என்றாலும், மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. கை இப்படி விழப்போகிறது என்று சிறுமூளை முன்கூட்டியே கணிக்கிறது. கணித்ததும் நடந்ததும் மாறுபட்டால் ஒரு தவறுச் செய்தி வந்து, அந்தத் தவறுக்குக் காரணமான இணைப்புகளை வலுவிழக்கச் செய்கிறது. டேவிட் மார் 1969-இல் முன்வைத்த கோட்பாட்டை ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இல் திருத்தி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் மசாவோ இட்டோ பிறகு இணைப்புகள் அப்படி வலுவிழப்பதைச் சோதனையில் காட்டினார்.

ஆனால் இந்த ஏற்பாடு வேலை செய்யத் தவறு தெரிய வேண்டும். மூன்றாம் காலத்தில், அதாவது மிக விரைவான வேகத்தில், தலைதெறிக்க ஓடும்போது எந்தச் சொல் வழுக்கியது என்று காதுக்குப் புலப்படாது. அப்போது தவறும் சரியும் ஒன்றாகக் கலந்து பழகிப்போகும். "முதல் காலத்திலேயே வாசி" என்று எங்கள் ஆசிரியர்கள் அடித்துச் சொன்னதன் பொருள் எனக்கு இதைப் படித்த பிறகுதான் முழுதாக விளங்கியது. மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு தவறும் தனியாக நின்று முகம் காட்டுகிறது.

அடுக்குமாடி வீட்டில் சத்தம் போட முடியவில்லை. வாத்தியம் இல்லாமல் பழகலாமா?

இரவில் நேரங்கழித்து அண்டை வீட்டாரை எழுப்பக் கூடாது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாத்தியம் இல்லாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இது. பியானோ வாசித்துப் பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்று, நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள். ஒரு குழு விரலால் வாசித்தது. இன்னொரு குழு பியானோ முன் கையை அசைக்காமல் உட்கார்ந்து, வாசிப்பதாக மனத்தில் நினைத்தது. விரல் தசைகளுக்கான மூளைப் பகுதி இரண்டு குழுவிலும் விரிந்திருந்தது. வாசிப்பில் மனத்தால் பழகியவர்கள் பின்தங்கித்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரே ஒரு முறை விரலால் பழகும் வாய்ப்புக் கொடுத்ததும் ஏறக்குறைய மற்றவர்களை எட்டிவிட்டார்கள்.

நம் மரபில் இதற்கு ஏற்பாடு எப்போதோ இருக்கிறது. சொல்லாமல் வாசிக்க விடமாட்டார்கள். "தகதிமி தகஜொணு" என்று வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, அது பிசகாமல் வந்த பிறகே மிருதங்கத்தைத் தொடலாம். ஜூரோங்கிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எம்ஆர்டி ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு, கோர்வை என்ற நீண்ட சொற்கட்டு முழுவதையும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வருவார். தொடையில் விரல் இலேசாக அசையும். ரயில் பயணத்தில் பாடம் படித்து வந்தவர் யார், வெறுமனே வந்தவர் யார் என்று முதல் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

யோசிக்காமல் கை தானாக ஓடும் நிலை எப்போது வரும்?

சிராங்கூன் சாலைப் பக்கம் நான் காலையில் போகும் கடையில் பிராட்டா (பரோட்டா) போடுபவரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எண்ணெய் தடவிய உருண்டையை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிப் பரப்புவார். வலக்கை விரல்கள் மாவுக்கு அடியில், இடக்கைக் கட்டைவிரல் மேலே. ஒரு சுழற்று, மாவு கல்லில் அறைந்து விரியும். இன்னொரு சுழற்று; விரிப்பின் வழியே கல்லின் நிறம் தெரியும் அளவுக்கு மெலியும். அதற்குள் "முட்டையா, வெறுமனேயா?" என்று என்னைக் கேட்டு, பின்னால் நிற்கும் பையனிடம் குழம்பு கேட்டு, மடித்தும் முடித்திருப்பார். ஒருநாள் ஆர்வத்தில் கேட்டுவிட்டேன்: "அண்ணே, வீசும்போது இடக்கைக் கட்டைவிரலை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள்?" அவர் நின்று, தன் கையைப் பார்த்தார். "தெரியவில்லையே தம்பி" என்று சொல்லி, பார்த்துக்கொண்டே வீசினார். அந்த மாவு கிழிந்தது.

மூளையின் ஆழத்தில் அடித்தள நரம்பு முடிச்சுகள் என்ற பகுதி இருக்கிறது. தனித்தனி அசைவுகளை ஒரே கட்டாகக் கட்டுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நன்றாக வந்த அசைவை மீண்டும் செய்யத் தூண்டும் டோபமின் அங்கேதான் அதிகம் வேலை செய்கிறது. முதல் ஆண்டில் "த", "ரி", "கி", "ட" என்பவை நான்கு சொற்கள். மூன்றாம் ஆண்டில் "தரிகிட" ஒரே சொல். பிறகு ஒரு மோரா முழுவதுமே ஒரே சொல்லாகிவிடும். எந்த மாதத்தில் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருநாள் நீங்கள் வாசித்துக்கொண்டே அடுத்த அறையில் அம்மா பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்வீர்கள். அன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நன்றாக வாசிப்பவள் மேடையில் தடுமாறுகிறாள். ஏன்?

பிராட்டா மாவு கிழிந்ததும் இதுவும் ஒரே காரணம். கட்டாகக் கட்டி வைத்ததை, பயத்தில் பிரித்துப் பார்க்கிறாள். "கையைக் கவனித்து வாசி" என்று மேடை ஏறும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நடந்த ஓர் ஆய்வில், தம் பாதங்களைக் கவனித்தவர்களைவிடப் பாதத்துக்குக் கீழிருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பை விட்டுக் கவனம் வெளியே போக வேண்டும். பாட்டைக் கேள், பாடுபவரின் மூச்சைக் கேள் என்று நான் சொல்லி அனுப்புவேன். நவராத்திரியில் கோயிலில் வாசிக்கும் சிறு வாய்ப்புகளை விடாதீர்கள். கூட்டமும் சலசலப்பும் இருக்கும் இடத்தில் வாசிப்பதையும் பழகத்தான் வேண்டும்.

எனக்கு 52 வயது. இனி வருமா?

வரும். சிறு வயதில் தொடங்குவோருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். 1995-இல் தாமஸ் எல்பெர்ட் குழுவினர் நரம்பிசைக் கருவி வாசிப்போரை ஆராய்ந்தபோது, தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கான மூளைப் பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது; இளம் வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் பெரிதாக இருந்தது. ஆனால் கதவு அதோடு மூடிவிடவில்லை. பந்து வீசிப் பிடிக்கும் அதே பயிற்சியை 60 வயதை ஒட்டியவர்களுக்குக் கொடுத்து 2008-இல் முடிவு வெளியிட்டார்கள். இளைஞர்களைப் போல எல்லோராலும் கச்சிதமாக வீச முடியவில்லை. ஆனாலும் அவர்கள் மூளையிலும் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் மாற்றம் தெரிந்தது.

ஐம்பதைத் தாண்டிய மாணவர்களிடம் நான் காணும் உண்மையான தடை வேறு. மகளுடன் சேர்ந்து வகுப்புக்கு வந்த அப்பா ஒருவர், மகள் ஒரு வாரத்தில் பிடித்த பாடத்துக்கு ஐந்து வாரம் எடுத்தார். ஐந்து வாரமும் வெட்கப்பட்டார். ஆறாவது வாரம் அவருடைய "தொம்" மகளுடையதைவிட ஆழமாக இருந்தது. பெரியவர்கள் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள். அந்த வெட்கத்தை மட்டும் காலணியோடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

என் மகனுக்கு இடக்கைப் பழக்கம். மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கத்தோடு வாசித்தே மிருதங்க மேதைகளின் வரிசையில் நின்றார்.

மிருதங்கம் படித்தால் கணக்கு நன்றாக வருமா? தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கு உதவுமா?

உதவும் என்று சொன்னால் எனக்கு மாணவர்கள் கூடுவார்கள். ஆனால் நான் படித்தவரை, இசைப் பயிற்சியால் பள்ளி மதிப்பெண் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூளை எதைப் பழகுகிறதோ அதில்தான் மாறுகிறது. கர்னியின் ஆய்வில் விரல் வரிசையை மாற்றியதற்கே பலன் போய்விட்டது. கணக்குக்குக் கணக்கே படிக்கட்டும். மிருதங்கத்தை மிருதங்கத்துக்காகக் கற்கட்டும்.

நாளுக்கு எவ்வளவு நேரம்? பத்தாயிரம் மணி நேரம் வேண்டும் என்கிறார்களே?

அந்த எண், ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதியதிலிருந்து பரவியது. மிகச் சிறந்த குழுவினர் 20 வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் தனியே பழகியிருந்தார்கள். அது சராசரி, நுழைவுக் கட்டணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்க மாணவருக்கு நாளுக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்து மூன்று மணி நேரம் அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இடையில் ஐந்து இரவுகளின் தூக்கம் சேர்கிறது அல்லவா?

விரல் தானாக மடங்கிக்கொள்கிறது, வலி இல்லை. தொடரலாமா?

நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரே நுண்ணிய அசைவை ஆண்டுக்கணக்கில் கடுமையாகச் செய்யும் தொழில்முறை இசைக்கலைஞர்களில் ஏறத்தாழ 100-இல் ஒருவருக்கு, வாசிக்கும்போது மட்டும் விரல் கட்டுப்பாட்டை இழக்கும் கோளாறு வருவதாகக் கணக்கிடுகிறார்கள். மூளையில் பிரிந்திருக்க வேண்டிய விரல் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துபோவதும் அதில் காணப்படுகிறது. கூடுதல் சாதகம் செய்து சரிப்படுத்தலாம் என்று முயன்றால் நிலைமை மோசமாகும்.

தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவச் சேவை) போகிறேன். இரண்டு ஆண்டில் எல்லாம் மறந்துவிடுமா?

எம்.ஆர்.ஐ. படத்தில் கூடிய சாம்பல் நிறப் பொருள் குறையலாம். டிராகான்ஸ்கியின் ஆய்விலேயே மூன்று மாதம் பந்து தொடாமல் இருந்தவர்களிடம் அது குறைந்தது. ஆனால் கைப்பழக்கத்தின் நினைவு வேறு வகை. 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க முடியாதவரானார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின்மேல் கோடு வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அவர் அதை முதன்முறையாகச் செய்வதாகவே நினைத்தார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. நடந்ததை நினைவில் வைக்கும் இடமும் கை கற்றதை வைத்திருக்கும் இடமும் வெவ்வேறு என்று உலகத்துக்குத் தெரிந்தது அவரால்தான்.

சேவை முடித்துத் திரும்பிய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். கோர்வைகளின் கணக்கு ஒன்றும் நினைவில்லை என்றார். விரல் நுனித் தோல் மென்மையாகிவிட்டிருந்தது; முதல் வாரம் "நம்" மங்கலாகக் கேட்டது. நான் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை. ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டச் சொல்லிவிட்டு, ஆதி தாளம் மட்டும் போட்டேன். மூன்றாவது வாரம், நான் கேட்காமலே, அவர் கை ஒரு பழைய மோராவுக்குள் இறங்கி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தெரியவில்லை சார் என்று தன் கையைப் பார்த்தார்.